மெய்க்கீர்த்தி மட்டும் போதுமா? – கல்லூரிப் பணியாளர் மடல்கள் குறித்து ஒரு விமர்சனம்

கதைக்கும் கவிதைக்கும் மதிப்புரை எழுத நம்மிடையே அறிஞர் பலர் உளர். ஆனால் ஒரு கல்லூரி தன் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மட்டும் அச்சிட்டுத் தரும் செய்திமடலை எடுத்து வைத்துக்கொண்டு, இது நன்றாக இருக்கிறது, இது சரியில்லை என்று சொல்வோர் யாரும் இல்லை. அதெல்லாம் ஒரு இலக்கியமா என்று கேட்பார்கள். இலக்கியம் இல்லைதான். ஆயினும் ஒரு நிறுவனம் தன் வீட்டு மனிதர்களிடம் எப்படிப் பேசுகிறது என்று அறிய அதைவிடச் சிறந்த சான்று கிடையாது. வெளியாருக்கு அச்சிடும் விளம்பரத்தில் எல்லாரும் நல்லவர்களே. உள்ளாருக்கு எழுதும் தாளில்தான் உண்மை முகம் தெரியும்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நான் கல்லூரி வாசல் மிதித்துப் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, பெங்களூருக்கு வந்து, காகித வியாபாரத்தில் நாற்பது வருஷம் ஓட்டியவன். குடியிருப்பது தொம்மலூரில். நான் விற்ற காகிதத்தில் என்னென்ன அச்சாகிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அச்சகத்தார் மீந்த பிரதிகளைக் கடையில் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படி வந்து சேர்ந்ததுதான் ஒரு சமுதாயக் கல்லூரியின் பணியாளர் மடல். ஏழெட்டு வருஷத்து இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அது ஒன்றுக்கு மட்டும் உரிய குறை என்று நான் நினைக்கவில்லை.

சமுதாயக் கல்லூரிக்கு மடல் ஏன் முக்கியம்?

சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடு அமெரிக்காவில் தோன்றியது. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரியை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். நம் நாட்டில் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றை ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு சென்னையில் கத்தோலிக்கப் பேராயத்தின் சார்பில் ஒன்று வந்தது. 2013-க்குப் பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவும் ஒரு திட்டம் போட்டது. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும், வேலைக்குப் போயே ஆக வேண்டியவர்களுக்கும் குறுகிய காலத்தில் ஒரு கைத்தொழிலைக் கற்றுக் கொடுப்பதே நோக்கம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய கல்லூரியில் பாடம் சொல்பவர்கள் பெரும்பாலும் நாள் முழுதும் அங்கே இருப்பவர்கள் அல்லர். மின்வேலை கற்பிப்பவர் காலையில் எங்கோ வயரிங் பண்ணிவிட்டு மாலையில் வருவார். செவிலியர் உதவிப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அம்மா வருவார். மணிக்கணக்குச் சம்பளம். உட்கார்ந்து நாலு வார்த்தை பேச ஓர் அறை இருக்காது. பெரிய கல்லூரிகளில் ஆசிரியர் ஓய்வறையில் டீ குடிக்கும்போதே பாதிச் செய்தி பரவிவிடும். இவர்களுக்கு அந்த வழி அடைத்துப் போச்சு. கல்லூரிக்கும் அவர்களுக்கும் இடையே இருக்கும் கயிறு அந்த மடலும் சுற்றறிக்கையும் மட்டுமே. ஆகவே மற்ற இடங்களில் மடல் ஓர் அலங்காரம் என்றால், இங்கே அது அத்தியாவசியம்.

என் கைக்கு வந்த மடல்கள்

அச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வழவழப்பான ஆர்ட் பேப்பர், நாலு வர்ணம். முதல் பக்கத்தில் முதல்வரின் செய்தி, படத்தோடு. இரண்டாம் பக்கத்தில் தாளாளருக்குப் பொன்னாடை போர்த்தும் படம். மூன்றாம் பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றும் படம். பிறகு பிறந்தநாள் வாழ்த்துகள், கருத்தரங்குக்குப் போய் வந்தவர் பட்டியல், அன்னையர் தினக் கவிதை ஒன்று. கடைசிப் பக்கத்தில் பொன்மொழி.

இவற்றுள் எதுவும் தவறில்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் ஏழெட்டு வருஷத்து இதழ்களையும் வரிசையாக அடுக்கி வைத்து, ஒரு வியாபாரி பேரேட்டைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டிப் பார்த்தேன். எந்தப் பயிற்சி வகுப்பு அடுத்த பருவத்தில் நடக்கும், எது நிற்கும் என்று ஓரிடத்திலும் இல்லை. மணிக்கு எவ்வளவு கூலி, அது எந்தத் தேதியில் வரும், வராவிட்டால் யாரைப் பார்ப்பது என்று இல்லை. ஒரு பெண் ஆசிரியைக்கோ மாணவிக்கோ தொந்தரவு என்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்றும் இல்லை. பாடம் சொல்லித் தருகிற வேலையைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி இப்படிப்பட்ட ஓரிடத்தில் தையல் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஜூன் மாதம் வகுப்புக்குப் போனவளை வாசல் காவலாளி நிறுத்தி, "தையல் கிளாஸ் இந்த வாட்டி இல்லையாமே, உங்களுக்குச் சொல்லலையாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள் நம்பியிருந்த ஆறு மாத வரும்படி அந்த வாசலிலேயே போயிற்று. அந்த மாதத்து மடலின் முதல் பக்கத்தில் 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை என்னிடம் காட்டி அவள் சொன்னாள்: "பெரியப்பா, குடும்பம்னா இன்னிக்கு அடுப்பு மூட்டலைன்னாவது வீட்டுக்காரங்க சொல்வாங்க இல்ல?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பழைய ஏடுகளைப் புரட்டத் தொடங்கினேன். நம் முன்னோர் தம் கல்விக்கூடத்து ஆட்களிடம் எப்படிப் பேசினார்கள் என்று பார்க்கலாமே என்று தோன்றியது.

தொம்மலூர்ச் சுவரிலிருந்து தொடங்குவோம்

எங்கள் தொம்மலூரில் சொக்கப்பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் கற்களில் தமிழ் எழுத்துகள் உள்ளன என்பது பெங்களூர்த் தமிழர் பலருக்கே தெரியாது. அவற்றுள் இவ்வூர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கப்படுகிறது. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் துரை 1905-இல் வெளியிட்ட கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதி ஒன்பதில் இவை அச்சேறின. 1270-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, அழகியார் என்பவர் இரண்டு கதவு நிலைகள் கொடுத்ததைச் சொல்கிறது. இரண்டே நிலைக்கால்கள்! அதற்கும் ஒரு பதிவு.

அங்கேயே போசள மன்னன் வீரராமநாதனின் ஆணை ஒன்றும் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பக்கத்தையும் தமிழ்நாட்டின் வடமேற்குப் பகுதியையும் ஆண்டவன் அவன். பிற்காலத்தில் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியிலிருந்து ஆட்சி செய்தான். தன் நாட்டுக் கோயில்களை நிர்வகிப்போருக்கு அவன் விடுத்த அறிவிப்பு அது. இன்றைய பாஷையில் சொன்னால் சுற்றறிக்கை. யாருக்கு அறிவிக்கிறோம் என்பதும், என்ன செய்யச் சொல்கிறோம் என்பதும் அதில் உண்டு. எங்கே எழுதி வைத்தார்கள்? அந்த வேலையைச் செய்கிறவர்கள் தினமும் நடமாடும் இடத்திலேயே, மழையில் நனைந்தாலும் அழியாதபடி.

சோழர் காலத்தில் இது ஒரு பெரிய முறையாகவே வளர்ந்திருந்தது. அரசன் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு எழுதுபவர் திருமந்திர ஓலை. அதைச் சரிபார்ப்பவர் திருமந்திர ஓலைநாயகம். பிறகு வரித்துறையார் தம் புத்தகத்தில் ஏற்றுவார்கள். அது ஊருக்கு வந்து, ஊர்ச் சபை ஏற்று, கல்லில் ஏறும். ஒவ்வொரு படியிலும் இன்னார் எழுத்து, இன்னார் கண்டார் என்று பெயர் இருக்கும். பின்னால் எவனாவது எனக்குத் தெரியாதே என்று கையை விரித்தால், உன் பெயர் இருக்கிறதே என்று காட்டலாம்.

எண்ணாயிரமும் திரிபுவனையும்

கோயில் கிடக்கட்டும், கல்லூரிக்கு வாருங்கள் என்பீர்கள். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊர்ச் சபை நடத்திய கல்லூரியின் முழு விவரமும் அதில் இருக்கிறது. ஊரே சேர்ந்து நடத்தியதால் அதையும் ஒரு சமுதாயக் கல்லூரி என்று நான் சொல்வேன். அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும். இளைய மாணவர் 270 பேர், மூத்த மாணவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். மாணவரில் எந்தப் பாடத்துக்கு எத்தனை பேர் என்றும் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ருக் வேதத்துக்கு 75, யசுருக்கு 75, தொடக்க இலக்கணத்துக்கு 40 என்று போகிறது. இளையவனுக்கு ஒரு நாளைக்கு 6 நாழி நெல், மூத்தவனுக்கு 1 குறுணி 2 நாழி. வியாகரண ஆசிரியருக்கு நாளொன்றுக்கு 1 கலம். வேதாந்த ஆசிரியருக்கு 1 கலம் 1 தூணி.

கடைக்காரப் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு குறுணிக்கு 8 நாழி, ஒரு கலத்துக்கு 96 நாழி. இளையோர் 270 பேருக்கு 1620 நாழி, மூத்தோர் 70 பேருக்கு 700 நாழி. ஆக மாணவர் நெல் மட்டும் ஒரு நாளைக்கு 24 கலம் 2 குறுணி. ஆயிரம் வருஷம் கழித்து ஒரு காகிதக் கடைக்காரன் கல்லாவில் உட்கார்ந்து அந்தக் கல்லூரியின் அன்றாடச் செலவைச் சரிபார்க்க முடிகிறது. என்னிடம் உள்ள மடல்களை வைத்துக்கொண்டு அந்தக் கல்லூரியில் எத்தனை ஆசிரியர் என்று எண்ணக்கூட முடியாது. பொன்னாடை எத்தனை என்று வேண்டுமானால் எண்ணலாம்.

புதுவையிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் திரிபுவனை இருக்கிறது. அங்கே முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048-இல், 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி ஒன்று நடந்தது. அந்தக் கல்வெட்டில் எனக்கு மிகப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பாடம் சொல்பவர்களையும் படிப்பவர்களையும் ஊர்ச் சபையின் வாரிய வேலைகளுக்கு இழுக்கக் கூடாது என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியர் வேலை கற்பிப்பது. கமிட்டி கமிட்டியாக அலைவது அன்று. இன்றைக்கு எந்தக் கல்லூரி ஆசிரியரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், கண்ணில் நீர் வந்துவிடும். நாட்டின் முதல் சமுதாயக் கல்லூரி 1995-இல் தோன்றியதும் அதே புதுவை மண்ணில்தான் என்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது மகிழ்ச்சி தருகிறது.

காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்து 1067-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, மாணவர் விடுதியும் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையும் இருந்ததைச் சொல்கிறது. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்பவருக்கு 30 கலமும் குறிக்கப்பட்டுள்ளன. நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்கும், மருந்து கொண்டு வருவோருக்கும், நாவிதருக்கும்கூடப் பங்கு எழுதியிருக்கிறது. கடைநிலை ஊழியரை விட்டுவிடவில்லை.

வேடல் சொல்லும் பாடம்

எங்கள் வந்தவாசி வட்டாரத்து வேடல் கிராமத்தை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. சொந்த ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பேசும் பொருளுக்கு அது மிகவும் தேவை. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அங்கே கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் துறவி ஒருவர் இருந்தார். குணகீர்த்தி படாரரின் மாணாக்கியார். அவருக்கு 500 மாணாக்கியர். அவர்களுக்கும் அங்கிருந்த மற்றொரு தவக்குழுவினர் 400 பேருக்கும் ஏதோ பிணக்கு ஏற்பட்டதாகத் தெரிகிறது. அப்போது அவ்விடத்தார் முன்வந்து, குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் நாங்கள் காப்போம், சோறிடுவோம் என்று ஏற்று, அதைக் கல்லில் பதிந்தார்கள்.

இந்த ஒரு கல்வெட்டை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிணக்கு வந்ததை அவர்கள் மறைக்கவில்லை. நிறுவனத்தின் மானம் போய்விடுமே என்று மூடி வைக்கவில்லை. யார் பக்கம் பாதுகாப்புத் தேவையோ அவர்களுக்கு யார் பொறுப்பு என்று எல்லாரும் பார்க்க எழுதி வைத்தார்கள். 2013-இல் வந்த சட்டம், பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் பற்றி விசாரிக்கும் உள்குழுவை அமைத்த ஆணையைக் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. வேடல் மக்களுக்குச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னிடம் உள்ள மடல்களில் அந்தக் குழுவின் பெயர்கூட வரவில்லை. அன்னையர் தினக் கவிதை மட்டும் வருஷம் தவறாமல் வந்திருக்கிறது.

சில மறுப்புகள்

கல்வெட்டுகளை நான் தூக்கி வைத்துப் பேசுவதாகச் சிலர் சொல்லலாம். அவற்றின் குறைகளும் எனக்குத் தெரியும். எண்ணாயிரத்துக் கல்லூரியில் யார் வேண்டுமானாலும் போய்ப் படித்துவிட முடியாது. அது வேதம் ஓதுவோர்க்காக ஏற்பட்டது. இன்றைய சமுதாயக் கல்லூரியோ யாருக்கு வேறு கதவு திறக்கவில்லையோ அவர்களுக்காக ஏற்பட்டது. நோக்கத்தில் இன்றையதே உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நான் பேசுவது சொல்லும் முறையைப் பற்றி.

கல்வெட்டிலும் புகழ்ச்சி இல்லையா என்று இன்னொருவர் கேட்கலாம். நிறையவே உண்டு. சோழர் கல்வெட்டைத் திறந்தால் முதலில் வருவது மெய்க்கீர்த்தி. மன்னன் எந்தெந்த நாட்டை வென்றான், எந்த முடியைப் பறித்தான் என்று மூச்சுவிடாமல் போகும். முதல் பக்கத்து முதல்வர் செய்திக்கு அதுதான் பாட்டன். அந்த மெய்க்கீர்த்தி முடிந்ததும் ஆண்டு, ஊர், நிலத்தின் எல்லை, நெல்லளவு, பெயர், பொறுப்பு என்று வேலை தொடங்கிவிடும். நம் மடல்களில் மெய்க்கீர்த்தி முடிந்ததும் இன்னொரு மெய்க்கீர்த்தி வருகிறது. அதோடு மடலும் முடிந்துவிடுகிறது. என் விமர்சனம் முழுவதும் இந்த ஒரு குறையைப் பற்றியதே.

சம்பள விவரத்தையெல்லாம் வெளியே போடலாமா, கூச்சமாக இருக்காதா என்பது மூன்றாவது கேள்வி. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவில், அரசு சார்ந்த ஒவ்வோர் அமைப்பும் தன் அலுவலர், ஊழியர் ஒவ்வொருவரும் பெறும் மாத ஊதியத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. திருமுக்கூடல் கல்லில் நாவிதருக்கும் எழுதிய கணக்கு, ஒன்பது நூற்றாண்டு கழித்துச் சட்டமாகத் திரும்பி வந்திருக்கிறது. தனியார் கல்லூரிகள் அந்த அளவுக்குப் போக வேண்டாம். மணிக்கு இவ்வளவு, மாதம் இந்தத் தேதி என்று பொதுவாகவாவது எழுதலாம் அல்லவா?

இப்போதெல்லாம் வாட்ஸ்அப் வந்துவிட்டது, மடலை யார் படிக்கிறார்கள் என்பாரும் உண்டு. வாட்ஸ்அப்பில் காலை வணக்கமும் பூங்கொத்துமாக நூறு படம் வந்து விழும்போது, வகுப்பு ரத்து என்ற ஒரு வரி அடியில் புதைந்து போகிறது. பின்னால் தேடினால் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று சண்டை. வேகம் கூடியிருக்கிறது, பதிவு குறைந்திருக்கிறது.

எப்படி இருக்கலாம்?

குறை மட்டும் சொல்லிப் போவது வியாபாரிக்கு அழகல்ல. மாற்றுச் சரக்கும் காட்ட வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கிய ஓர் அமைப்பு, சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களுக்காக 1970-களின் இறுதியிலிருந்து ஒற்றைத் தாளில் ஒரு மடல் அனுப்பி வந்தது. ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பில் செய்து பார்த்துப் பலன் கண்ட ஒரு முறையை, மற்ற ஆசிரியர்களுக்காக எழுதுவார். இரண்டே பக்கம். இதற்கு ஆர்ட் பேப்பர் எதற்கு? சாதாரண மேப்லித்தோ போதும். காகிதம் விற்பவனே சொல்கிறேன், நம்பலாம்.

நம் கல்லூரிகளுக்கும் ஒரு தாள் போதும். மேலே முதல்வர் நாலு வரி எழுதட்டும். மெய்க்கீர்த்தி இல்லாமல் கல்வெட்டு ஏது? அடுத்து, வரும் பருவத்தில் நடக்கும் வகுப்புகள், நிற்கும் வகுப்புகள், நிற்பதற்குக் காரணம். அடுத்து, கூலி தரும் தேதி. அடுத்து, குறை சொல்ல வேண்டியவரின் பெயர், அவர் இருக்கும் நேரம். அடுத்து, ஓர் ஆசிரியர் எழுதிய அனுபவம், அவர் மின்வேலைக்காரரானாலும் தையல்காரரானாலும் சரி, பேச்சு வழக்கிலேயே இருந்தாலும் சரி. கடைசியில் இதை எழுதியவர் இன்னார், சரிபார்த்தவர் இன்னார் என்று இரண்டு பெயர். பிறந்தநாள் வாழ்த்துக்குப் பின்பக்கம் தாராளமாக இருக்கிறது.

இந்த மலரைப் படிக்கும் அன்பர்களில் பலர் பள்ளி, கல்லூரி, தொழிற்சாலை, கணினி நிறுவனம் என்று ஏதோ ஒன்றில் பொறுப்பில் இருக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்து மடல் அடுத்த முறை மேசைக்கு வரும்போது ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அங்கே மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் ஒருவரை நினைத்துக்கொண்டு, அவருக்கு இதில் ஒரு வரியாவது பயன்படுமா என்று தேடுங்கள். கிடைத்தால் அதை எழுதியவரைக் கூப்பிட்டுப் பாராட்டுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த இதழில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். கையோடு நம் தமிழ்ச் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளையும் இதே தராசில் நிறுத்துப் பார்ப்பது நல்லது.